மருந்து முடிந்த பின் – 9: புருவம்

போன வாரம் யானைக்கால் நோயோடு விட்டிருந்தோம். வீங்கிய காலை மறைக்கச் சேலையைத் தாழ்த்திக் கட்டும் பெண்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு மீண்டும் சொல்லத் தேவையில்லை. இந்த வாரம் தொழுநோய். அதிலும் மனச்சோர்வு, அதற்கான ஆலோசனை என்று அறிவித்திருந்தேன். அந்த இடத்துக்குப் போகும் வழியில் புருவம் குறுக்கே வந்து நின்றுகொண்டது. அதைச் சொல்லி முடிக்காமல் மேலே நகர எனக்கு மனமில்லை.

தொழுநோய்க் கிருமிக்குச் சூடு ஆகாது. நம் உடம்பின் உள்சூடு 37 டிகிரி செல்சியஸ் என்றால், அந்தக் கிருமி செழிப்பது அதைவிட நான்கைந்து டிகிரி குறைந்த இடத்தில். அதனால் காற்றுப்படும் இடங்களாகப் பார்த்துக் குடியேறும். மூக்கு, காது மடல், முழங்கை, புறங்கை, பாதம், பிறகு புருவம். அவசரமே இல்லாத கிருமி அது. ஒன்று இரண்டாகப் பிரிவதற்கே ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறது. உடம்புக்குள் புகுந்ததற்கும் முதல் தேமல் தெரிவதற்கும் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும். சிலருக்கு 20 ஆண்டுகள்கூட. கிருமி மிகுந்த வகை நோயில் புருவ முடி வெளிக்கோடியிலிருந்து உதிரத் தொடங்கி, மெல்ல உள்நோக்கி வரும்.

தலைமுடிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. முடி போர்த்திய மண்டைத்தோல் கிருமிக்குக் கொஞ்சம் கூடுதல் சூடு. அதனால் ஒரே முகத்தில், கொண்டை போடுமளவுக்குக் கூந்தலும் அதற்கு நாலு விரற்கடை கீழே வழித்துவிட்டதுபோன்ற புருவமேடும் சேர்ந்திருக்கும். வயதானாலும் புருவம் உதிரும், தைராய்டு கோளாறிலும் உதிரும். ஆனால் இந்த நோயைக் கண்டு பழகிய ஊரில் அந்த முகத்துக்கு ஒரே அர்த்தம்தான்.

கூட்டு மருந்துச் சிகிச்சை என்கிற எம்.டி.டி.யை உலக சுகாதார நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் மூன்றும் சேர்ந்து அந்தக் கிருமியைக் கொன்றுவிடுகின்றன. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம். முதல் சில வேளை மருந்திலேயே மற்றவருக்குத் தொற்றும் அபாயம் போய்விடுகிறது. அவ்வளவு நல்ல மருந்து. ஆனால் வேர்க்கால் அழிந்த இடத்தில் எந்த மாத்திரையும் முடியை முளைக்க வைப்பதில்லை. கிருமி போய்விடும், கிருமி இருந்ததாகச் சொல்லும் முகம் அப்படியே இருக்கும்.

இங்கேதான் வேலூர் வருகிறது. பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர்; மிஷனரித் தம்பதியின் மகன். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்குத் தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரன் அவரை அழைத்துப்போய் நோயாளிகளைக் காட்டியதும், மடங்கிப்போன ஒரு கை தன் கையை வலிக்கும்படி இறுக்கியபோது ‘இந்தத் தசைக்கு இன்னும் உயிர் இருக்கிறது’ என்று பிராண்டுக்கு உறைத்ததும் மருத்துவ உலகில் பலரும் சொல்லிப் பழகிய கதை. செயலிழந்த தசையின் வேலையை நல்ல தசையின் நாணுக்கு மாற்றிவிட்டு மடங்கிய விரல்களை அவர் நிமிர்த்தினார். விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சுட்டும் வெட்டியும் புண்ணாகித் தேய்கிறது என்று காட்டினார். தூங்கும்போது எலி கடிப்பதுகூடத் தெரியாமல் விரலை இழந்தவர்கள் உண்டு என்று கண்டதும், வீடு திரும்புகிறவர்களிடம் ஆளுக்கொரு பூனையைக் கொடுத்தனுப்பினார்கள். கையைப் பற்றிய இந்தப் பகுதியை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்கடுத்த பகுதி.

கை நிமிர்ந்தவர்கள் ஊருக்குப் போனார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். கை நன்றாகத்தான் இருந்தது. முகம் விடவில்லை. டீக்கடையில், பஸ்ஸில், வேலை கேட்டுப் போன இடத்தில், ஆட்கள் முதலில் பார்த்தது முகத்தை. ஆகவே அறுவை மருத்துவர்கள் முகத்துக்கு வந்தார்கள்.

மூக்குத்தண்டு அமுங்கியவர்களுக்கு மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே திறந்து, உள்ளே சுருங்கிக் கிடந்த தோலை விடுவித்து மூக்கை நிமிர்த்தும் முறை, பிளாஸ்டிக் சர்ஜரியின் முன்னோடியான ஹெரால்ட் கில்லீஸிடமிருந்து வந்தது. அவரிடம் பயின்ற நோஷிர் ஆன்டியா, புனே அருகே கொண்டுவா தொழுநோய் மருத்துவமனையில் முகச் சீரமைப்பில் இறங்கினார்.

புருவத்துக்கு அவர்கள் செய்தது இது. நெற்றிப்பொட்டுக்கு மேலே, முடி அடர்ந்த இடத்தில், புருவத்தின் நீள அகலத்துக்குத் தலைத்தோலில் ஒரு கீற்று. அதை வெட்டி எடுத்து ஒட்டினால் ரத்தம் இல்லாமல் கருகிவிடலாம். அதனால் அதற்குள் ஓடும் ரத்தக் குழாயை அறுக்காமல் அதோடு சேர்த்தே பெயர்க்க வேண்டும். நெற்றித் தோலுக்கு அடியில் ஒரு சுரங்கம் குடைந்து, அந்தக் கீற்றை உள்ளே நுழைத்து, புருவமேட்டில் வெளியே இழுத்துத் தைக்க வேண்டும். முடி சாயும் திசையும் தப்பக் கூடாது. திருப்பி வைத்தால் புருவம் கண்ணுக்குள் வளரும். எந்தச் சூடு தலைமுடியைக் கிருமியிடமிருந்து காப்பாற்றியதோ, அந்தச் சூடு காத்த முடியைக் கொண்டே கிருமி தின்ற இடத்தை நிரப்பினார்கள் என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. இடம் மாறினாலும் அது தலைமுடிதான். புருவம் ஓரளவோடு நின்றுவிடும், தலைமுடி நிற்காது. ஆகையால் ஒட்டுப்போட்ட புருவத்தை அவ்வப்போது கத்தரித்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்புவார்கள். பிராண்டின் நினைவுகளில் ஒரு செய்தி வருகிறது: முதலில் புருவம் வைத்துக்கொண்டவர்களில் சிலர் அதைக் கத்தரிக்கவில்லை. புதர்போல வளரவிட்டு, அதைப் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

அவர் இதைச் சிரித்தபடி நகரும் ஒரு துணுக்காகத்தான் சொல்கிறார். நான் பல நாட்களாக இதையே சுற்றி வருகிறேன். பல ஆண்டுகளாகத் துண்டை நெற்றிவரை இறக்கிக் கட்டிக்கொண்டு குனிந்தே நடந்த ஒருவர், எல்லோரையும் நிமிர்ந்து பார்க்கிறார். எல்லோரும் தன் புருவத்தைப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறார். அளவோடு இருந்தால் யாரும் கவனிக்காமல் போய்விடுவார்களே என்ற பயம் அந்தக் கத்தரியைத் தடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். நோய் அவரிடமிருந்து பறித்தது எவ்வளவு என்பதற்கு இதைவிட நல்ல அளவை நான் எந்த ஆய்வறிக்கையிலும் பார்த்ததில்லை.

அறுவைச் சிகிச்சை எல்லோருக்கும் வாய்த்துவிடவில்லை. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு குடியிருப்பில் ஓர் ஆயாவைச் சந்தித்தேன். எழுபதைத் தாண்டியவர். மருந்து முடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஜன்னல் கம்பியில் சின்னக் கண்ணாடி ஒன்றைச் சொருகியிருந்தார். ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் புருவப் பென்சிலுக்குச் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார். இல்லாவிட்டால் அந்த விரல்களில் பென்சில் நிற்காது. மணிக்கட்டுக்கும் வளைந்து கொடுக்கத் தெரியவில்லை. ஆகவே பென்சிலை அசையாமல் பிடித்துக்கொண்டு முகத்தை நகர்த்தினார். இடமிருந்து வலமாகத் தலை மெதுவாகத் திரும்பத் திரும்பப் புருவம் விழுந்தது.

“ரெண்டும் சமமா இருக்கா தம்பி?”

இடது பக்கம் ஒரு நூல் தூக்கலாக இருந்தது. சொன்னேன். சேலைத் தலைப்பில் எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி வரைந்தார்.

“கைய முந்தானைக்குள்ள சுத்திக்கலாம். கால மடக்கி உக்காந்துக்கலாம். மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிறது, சொல்லு.”

வீட்டுக்குள்ளேயும் வரைந்துகொள்வீர்களா என்று கேட்டேன். காலையில் எழுந்து பல் துலக்கினதும் அதுதான் வேலையாம். பேரன் பிறந்த பிறகு மகள் வீட்டுக்கு வருஷத்துக்கு ஒருமுறை போய்வருகிறார். அங்கே சம்பந்தி வீட்டாருக்கு இவர் தூரத்துச் சொந்தம். அப்படித்தான் மகள் சொல்லிவைத்திருக்கிறாள். “அவ மேல தப்பு இல்ல. நாந்தான் அப்டி சொல்லச் சொன்னேன்,” என்றார். பிறகு எனக்கு டீ வைக்க எழுந்தவர், பாதி வழியில் நின்று, “குடிப்பியா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் எத்தனை வீடுகளில் தொடப்படாமல் ஆறிப்போன டம்ளர்கள் இருந்தன என்பது அவருக்குத்தான் தெரியும். குடித்தேன். சர்க்கரை தூக்கலான டீ.

அந்த வீட்டுக் கதவோரம் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. எம்.சி.ஆர். செருப்பு. உணர்ச்சியற்ற பாதத்துக்காகவே நுண்துளை ரப்பரில் செய்வது. மெத்தென்று இருக்கும், முள்ளும் கல்லும் ஏறாமல் அடியில் கெட்டியான ரப்பர். குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார். ஏனென்றால் செருப்பு கழன்று போனாலும் அந்தக் காலுக்குத் தெரியாது. மருத்துவ ரீதியில் குறை சொல்ல முடியாத பொருள். அரசு இலவசமாகவே தருகிறது. ஆனால் அந்த உருவத்தை ஊர் அறியும். கறுப்பு ரப்பரையும் பின்வாரையும் கண்டால் போதும். ஆகவே பலர் மருத்துவமனைக்குப் போகும் நாளில் மட்டும் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். மற்ற நாட்களில் சாதாரண ரப்பர் செருப்பு, பிறகு புண். செருப்பைப் போடாததற்கு ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று குறிப்பு எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. கடைச் செருப்பைப் போலவே தோற்றமளிக்கும் பாதுகாப்புச் செருப்புகளைச் சில மருத்துவமனைப் பட்டறைகளில் செய்கிறார்கள். அந்தச் செருப்புத் தைப்பவர்களுக்கு மனநலம் பற்றித் தெரிந்தது பல கொள்கை வகுப்பாளர்களுக்குத் தெரியவில்லை.

மருந்தே காட்டிக்கொடுப்பதும் உண்டு. மூன்று மருந்துகளில் ஒன்றான குளோஃபாசிமின், தோலைச் செம்பழுப்பாகவும் கறுப்பாகவும் மாற்றும். தேமல் இருந்த இடங்கள் இன்னும் கறுக்கும். மருந்தை நிறுத்திச் சில மாதங்களில் நிறம் மெல்லத் திரும்பிவிடும். ஆனால் நோய் வந்ததே யாருக்கும் தெரியாமல் மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்தச் சில மாதம் பெரிய காலம். ‘ஏன் இப்படிக் கறுத்துப்போனே?’ என்று மாமியார் கேட்கும் கேள்விக்கு வெயில் என்று எத்தனை நாள் சொல்வது? மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள் எல்லோரும் அறியாமையால் விடுவதில்லை.

கை சீரமைப்புக்குப் பிறகு நடந்த இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிராண்டிடம் விரல் நிமிர்த்திக்கொண்டவர்களில் சிலர் திரும்பி வந்து, இந்தக் கையை நீட்டினால் யாரும் காசு போடுவதில்லை என்றார்கள். மடங்கிய கைக்குப் பிச்சை விழுந்தது. நிமிர்ந்த கைக்குப் பிச்சையும் இல்லை, வேலையும் இல்லை. இந்த அடிக்குப் பிறகுதான் வேலூரில் நவஜீவ நிலையம் என்ற குடியிருப்பில் தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார்கள். மரப் பொம்மைகள் செய்தார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு எழுதும்போது ‘ரத்தக்கண்ணீர்’ படத்தைத் தாண்டிப் போக முடியாது. 1954. கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம். எம்.ஆர். ராதாவின் நடிப்பை இன்று பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. அந்தக் குரலுக்கு இணை கிடையாது. ஆனால் அந்தப் படம் நம் மூன்று தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தது என்ன? தாசி வீட்டுக்குப் போனவனுக்கு இந்த நோய் வரும், இது தப்புக்குக் கிடைத்த கூலி, ஊருக்குப் பாடமாகச் சிலை வைக்கத் தகுந்த கூலி. சிகிச்சை பெறாத ஒருவரோடு நீண்ட நாள் நெருங்கிப் பழகும்போது மூக்கு, வாய் வழியாக வரும் நுண்துளிகளில் பரவும் நோய் இது. நம்மில் மிகப் பெரும்பாலோருக்கு இதை எதிர்க்கும் சக்தி உடம்பிலேயே இருக்கிறது. தாசி வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. இன்னொன்று: அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனையில் 1941-லேயே சல்ஃபோன் மருந்து பலன் தரத் தொடங்கிவிட்டது. அந்தப் படம் ஓடிய காலத்தில், சென்னை ஸ்டுடியோக்களிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் இருக்கும் செங்கல்பட்டில் நோயாளிகளுக்கு அந்தக் குடும்பத்து மருந்தான டாப்சோன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். திரையில் மருந்தே இல்லாத நோய். ரயிலேறினால் இரண்டு மணி நேரத்தில் மருந்து. நம் ஆட்கள் திரையை நம்பினார்கள்.

சட்டமும் திரையைத்தான் நம்பியது. 1955 இந்து திருமணச் சட்டம் தொழுநோயை விவாகரத்துக்கு ஒரு காரணமாக வைத்திருந்தது. அந்தக் காரணத்தை நீக்கியது 2019-ல் நிறைவேறிய தனிநபர் சட்டங்கள் திருத்தச் சட்டம். எம்.டி.டி. வந்து சுமார் 38 ஆண்டுகள் கழித்து! வெள்ளைக்காரன் 1898-ல் போட்ட தொழுநோயாளர் சட்டம் 2016-ல்தான் நீங்கியது. ஒடிசாவில் நகராட்சிக் கவுன்சிலராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் தொழுநோயைக் காரணம் காட்டிப் பதவி இழந்தார். அந்தத் தகுதி நீக்கம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2008-ல். ஓட்டுப் போட்ட மக்களுக்கு அவருடைய நோய் பொருட்டாக இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்தச் சட்டங்களைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும். எழுதுவேன்.

இப்போதைக்குக் கணக்கு ஒன்றை மட்டும் பார்ப்போம். 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை எட்டிவிட்டதாக இந்தியா 2005 டிசம்பரை எல்லையாக வைத்து அறிவித்தது. அதற்குப் பிறகு பணமும் ஆட்களும் கவனமும் வேறு பக்கம் திரும்பின. 2023-ல் உலகம் முழுவதும் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 1,82,000. அவர்களில் ஏறத்தாழ 1,07,000 பேர் இந்தியாவில். அந்த ‘10,000 பேருக்கு’ கணக்கில் வருகிறவர்கள் பதிவேட்டில் இருப்பவர்கள், அதாவது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள். கடைசி அட்டை முடிந்ததும் பெயரை அடித்துவிடுவார்கள். கிருமியைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் புருவம் வரைந்துகொள்ளும் ஆயா எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்? கணக்குப்படி அவருக்கு நோய் இல்லை, குறையும் இல்லை, அவருக்கென்று யாரும் செலவழிக்க வேண்டிய பைசாவும் இல்லை. இந்தத் தொடரை நான் தொடங்கியதே அடிக்கப்பட்ட அந்தப் பெயர்களுக்காகத்தான்.

அந்த மனிதர்களிடம் உட்கார்ந்து கேள்வி கேட்டவர்கள் சிலர் இருந்திருக்கிறார்கள். பம்பாயில் தொழுநோய்ப் புறநோயாளிகளிடம் மனநல மருத்துவர் மிட்செல் வைஸும் அவருடைய கூட்டாளிகளும் நடத்திய ஆய்வு 1992-ல் வெளிவந்தது. ‘எமிக்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் கேள்விப்பட்டியல் அதில் உருவானது. இன்று காசநோய், யானைக்கால் என்று பல நோய்களுக்கும் அதையே மாற்றியமைத்துப் பயன்படுத்துகிறார்கள். நோய் இருப்பதை மற்றவர்கள் அறியாமல் வைத்துக்கொள்ளவே விரும்புகிறீர்களா, இதனால் உங்களையே நீங்கள் குறைவாக நினைக்கிறீர்களா, உங்கள் வீட்டில் இன்னொருவரின் கல்யாணம் இதனால் தடைபடுமா என்பதுபோன்ற கேள்விகள். கிருமியைப் பற்றி அதில் கேள்வி கிடையாது.

கேட்டுவிட்டால் போதுமா, கேட்ட பிறகு என்ன செய்வது என்பதற்கு இந்தோனேசியாவில் சிரெபோன் மாவட்டத்தில் ஒரு முயற்சி நடந்தது. தொழுநோயிலிருந்து மீண்டவர்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்களையே ஆலோசகர்களாக வீடுவீடாக அனுப்பினார்கள். சிலர் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே வீடியோ எடுத்து ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். மனச்சோர்வைப் பற்றி இந்த வாரம் சொல்வதாகச் சொன்னது எல்லாம் அங்கேதான் இருக்கிறது. அடுத்த வாரம் சிரெபோனிலிருந்தே தொடங்குகிறேன்.

(தொடரும்)